இடது முன் இருக்கை

ரெனோ க்விட் காரின் சக்கரத்தைக் கழற்ற மூன்று போல்ட்டைத் தளர்த்தினால் போதும். இதே அளவிலான மற்ற கார்களில் பெரும்பாலும் நான்கு இருக்கும். சக்கரத்துக்கு ஒன்று மிச்சம் பிடித்தால் வண்டிக்கு நான்கு. லட்சம் வண்டிக்கு நான்கு லட்சம் போல்ட். முன்கண்ணாடியைத் துடைக்க இரண்டு வைப்பருக்குப் பதிலாக நீளமாக ஒன்று. கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்சு கதவில் கிடையாது, டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. கதவுக்குள் ஓடவேண்டிய வயரில் அங்கே கொஞ்சம் மிச்சம். வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், போல்ட்டை எண்ணிப் பார்த்தவர்கள் அதிகம் தேறமாட்டார்கள். அவர்கள் கண்ணில் பட்டது வேறு. தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும் உடம்பு, சக்கர வளைவைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, ஜீப்புக்கு உரிய முறைப்பான முகம், உயர்ந்த மாடலில் 7 அங்குலத் தொடுதிரை. 2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது டில்லி ஷோரூமில் அதன் தொடக்க விலை 2.57 லட்சம் ரூபாய்.

அந்த வண்டி நம் ஊர் வண்டி. ஒரகடத்தில் செய்தது, அந்த ஆண்டு மே மாதம் சென்னையில்தான் முதலில் திரை விலக்கிக் காட்டினார்கள். திட்டத்தை நடத்தியவர் ழெரார் டெத்தூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ருமேனியாவில் லோகன் என்ற மலிவு விலைக் காரை மையமாக வைத்து வளர்ந்த வரிசையைப் பொறுப்பேற்று நடத்தியவர். வேலையிலிருந்து ஓய்வு பெறவேண்டிய வயதில் சென்னைக்கு வந்து தங்கி இதைச் செய்தார். பாரிசில் உட்கார்ந்துகொண்டு இந்த விலைக்கு ஒரு கார் செய்ய முடியாது என்பது அவர் நம்பிக்கை. ஒவ்வொரு உதிரிப் பாகத்தையும் உள்ளூர்க்காரர்களிடம் பேரம் பேசி வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தாராளம், தெரியாத இடத்தில் கஞ்சத்தனம். ஒன்றரை ஆண்டுக்குள் லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆனால் மூன்று போல்ட் சக்கரமும் ஒற்றை வைப்பரும் க்விட் கண்டுபிடித்தவை அல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன்பே டாட்டா நானோவில் இரண்டும் இருந்தன. 2008 ஜனவரி 10 அன்று டில்லி ஆட்டோ எக்ஸ்போ மேடைக்கு ரத்தன் டாட்டா அதை ஓட்டி வந்தபோது உலகமே அந்தச் சிக்கனத்தைக் கொண்டாடியது. ஒரு ஸ்கூட்டரில் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு போனதைப் பார்த்து உதித்த யோசனை என்று அவர் சொன்னார். 1 லட்சம் ரூபாய்க் கார். பத்திரிகைகள் போல்ட்டை எண்ணி எழுதின. எழுதப்பட்டதே அதற்கு வினையாயிற்று. குஜராத்தின் சாணந்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டி செய்வதற்கென்று எழுப்பிய ஆலை, பத்தாண்டில் மொத்தமாகவே 3 லட்சத்தை ஒட்டித்தான் விற்றது. 2018 ஜூன் மாதம் முழுவதும் செய்தது ஒரே ஒரு நானோ.

ஆலை முதலில் எழவிருந்த சிங்கூரின் நிலப் போராட்டம், சில வண்டிகள் தீப்பிடித்தது, பின்கதவு திறக்காதது என்று காரணங்கள் அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் 'உலகிலேயே மலிவான கார்' என்று பெயர் வாங்கியதுதான் பிழை என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். நம் தெருவை அறிந்த எவருக்கும் இது முன்பே தெரிந்திருக்கும். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவன் மழைக்காக மட்டும் மாறுவதில்லை, தெரு பார்க்க மாறுகிறான். வாசலில் நிற்கும் வண்டியின் விலை எதிர் வீட்டுக்காரருக்குத் தெரிந்தே இருக்கும், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்த விலையை வண்டியே வாய் திறந்து சொல்லிக்கொண்டு நிற்கக்கூடாது. அவ்வளவுதான் கேட்கிறார்கள். குறைந்த சம்பளக்காரனுக்கு அழகு எதற்கு, நாலு சக்கரம் போதாதா என்று கேட்பவர்கள் கொஞ்சம் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்ளலாம். கடையில் மிக மலிவான செருப்பைத்தான் எப்போதும் வாங்கினார்களா?

ஐரோப்பாவிலும் சின்னக் கார்கள் பஞ்சத்தில் பிறந்து பகட்டில் வளர்ந்தவைதான். 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் குறைவாகக் குடிக்கும் ஒரு குட்டிக் காரைக் கேட்டார்கள். 1959-இல் மினி வந்தது. பத்தடி நீளம், 848 சி.சி. எஞ்சின், அதையும் குறுக்கே திருப்பி வைத்து இடத்தை மிச்சம் பிடித்திருந்தார். கதவுக் கீல்கள் வெளியே தெரிந்தன. தகடுகளை ஒட்டிய விளிம்புகளும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு இழுகயிறு. எல்லாமே செலவைக் குறைக்கச் செய்தவை. யாருக்காகச் செய்தார்களோ அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் முதலில் தயங்கின. நடிகர் பீட்டர் செல்லர்ஸும் பீட்டில்ஸ்காரர்களும் வாங்கி ஓட்டியபிறகு அதே வெளிக்கீலும் துருத்திய விளிம்பும் நாகரிகமாகிவிட்டன. மேரி குவாண்ட் தன் குட்டைப் பாவாடைக்கு அந்தக் காரின் பெயரையே சூட்டினார். இத்தாலியில் டான்டே ஜியாகோசா 1957-இல் வடிவமைத்த ஃபியட் 500-இன் கதையும் ஏறக்குறைய இதே. கூரையில் தகட்டின் இடத்தில் சுருட்டி வைக்கிற துணி, பின்னால் இரண்டு சிலிண்டர் எஞ்சின். அதன் மறுபிறப்பாக 2007-இல் வந்த ஃபியட் 500-ஐ வசதியுள்ளவர்கள் அழகுக்காக வாங்கினார்கள்.

இளைஞனுக்கான கார் என்ற தனி இனம் அங்கே உருவானதற்கு அழகைவிடக் காப்பீடுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் 17 வயதில் கார் ஓட்டலாம். ஆனால் அந்த வயதுக்காரனுக்குக் காப்பீட்டுத் தொகை சில சமயம் அவன் வாங்கும் பழைய காரின் விலையையே தாண்டும். கார்களை 1 முதல் 50 வரை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் சில வகைகளுக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் வண்டி கிடைத்தால்தான் பையன் தெருவில் இறங்க முடியும். இங்கே அப்படியில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வயதே கணக்கில் கிடையாது. 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். ஓட்டுவது இருபதா அறுபதா என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நம் நாட்டில் இளைஞனுக்கான கார் என்பது விளம்பரத்தில் மட்டும் இருக்கும் ஒரு இனம்.

விளம்பரத்தில் அது ஓடோ ஓடென்று ஓடியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சாண்ட்ரோ வந்தபோது ஷாருக்கான் வந்தார். 2005-இல் ஸ்விஃப்ட், 2007-இல் ஐ10, 2010-இல் மறைமலைநகரிலிருந்து ஃபிகோ, 2017-இல் இக்னிஸ். ஒவ்வொன்றின் படத்திலும் மலைப்பாதை, கடற்கரை, நாலு நண்பர்கள், ஒரு கிட்டார். பெற்றோர் எவரும் அந்த வண்டிகளில் ஏறி நான் பார்த்ததாக நினைவில்லை. நிஜத்தில் அந்த வண்டிகளை யார் ஓட்டிப் போகிறார்கள் என்று ஒரு முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசலில் நின்று பார்க்கலாம்.

இங்கே சின்னக் காரின் வடிவத்தைத் தீர்மானித்ததில் வடிவமைப்பாளரைவிட நிதியமைச்சருக்குப் பங்கு அதிகம். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் காருக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சின்னக் கார்? நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள். அன்றிலிருந்து நாடெங்கும் எல்லாக் காரும் 4 மீட்டருக்குள் ஒடுங்க ஆரம்பித்தன. 2012-இல் ஸ்விஃப்ட் டிசையரின் வாலை நறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் பார்த்தால் யாரோ கதவிடுக்கில் வைத்து நசுக்கியதுபோல் இருக்கும். விற்பனையில் குறை ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அதே 4 மீட்டர் கணக்கை வைத்தே ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டினால் 40.

என் அக்கா மகன் ஒரகடம் பக்கம் ஒரு கார் ஆலையில் வேலை பார்க்கிறான். டிப்ளமோ படித்தவன். கதவு பொருத்தும் இடத்தில் நிற்கிறான். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஒரே நிறச் சட்டை போட்ட நூறு பையன்களில் ஒருவன். அவன் கைபட்ட கதவுகள் எந்தெந்த ஊரில் திறந்து மூடுகின்றனவோ. தனக்கென்று ஒரு கார் வேண்டும் என்று ஆசை. ஷோரூமில் விலை விசாரித்துவிட்டு வந்து, ஆன்ரோடு கணக்கு, டியூ கணக்கு எல்லாம் போட்டுப் பார்த்து, தாம்பரத்தைத் தாண்டி ஒரு ஆட்டோ கன்சல்டிங்குக்கு என்னையும் அழைத்துப்போனான். பெரியவர் ஒருவர் கூட வந்தால் கடைக்காரர் அதிகம் ஏமாற்றமாட்டார் என்று நினைத்திருப்பான்.

கல்பாவிய திடலில் ஷீட் போட்ட கூரையின் கீழ் முப்பது நாற்பது வண்டிகள். பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்புப் பூசி, முன்கண்ணாடியில் மாடல் ஆண்டை வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். 

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. மழை பெஞ்சா வெளியவே எடுக்க மாட்டார்" என்றார் கடைக்காரர். பழைய கார்க் கடைகளில் நிற்கும் டாக்டர் வண்டிகளைக் கூட்டிப் பார்த்தால் தமிழ்நாட்டில் தெருவுக்குப் பத்து டாக்டர் இருக்கவேண்டும்.

நான் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேச்சே கேட்கவில்லை. கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை நகத்தால் கிளப்பி ஒரு முழம் உரித்தான். உள்ளே தகட்டு விளிம்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இறங்கின. 

"ஸ்பாட் வெல்டு மாமா. கம்பெனியோடது. அடிபட்டு மாத்தியிருந்தா இந்தக் குழி இருக்காது. இருந்தாலும் இவ்வளவு நேரா இருக்காது." 

பீடிங்கைத் திரும்ப அழுத்திவிட்டுப் பானெட்டைத் தூக்கினான். கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் விரலை வைத்துத் தடவினான். பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, ஸ்பேனர் பட்டிருந்தால் பானெட் கழன்றிருக்கிறது. பிறகு ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் இருக்கும் பொடி எழுத்தைக் குனிந்து படித்தான். ஐந்து கண்ணாடியில் ஒரு ஆண்டு, ஒன்றில் மட்டும் வேறு ஆண்டு. கடைக்காரர் அதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அவன் பக்கம் திரும்பி, "தம்பி எங்க வேலை?" என்றார்.

கடைசியாகக் கதவை அறைந்து சாத்தாமல் தள்ளி விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். எல்லா வண்டிக்கும் அதைச் செய்தான். நானும் கேட்டேன், எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது.

அங்கே ஒரு பழைய வேகன் ஆர் இருந்தது. வெள்ளி நிறம், ஒரு கீறல் இல்லை, ஓடியதும் குறைவு, விலையும் அவன் கையில் இருந்த தொகைக்குள். உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினான். "நல்ல வண்டிதான். அப்பா வண்டி மாதிரி இருக்கு மாமா" என்றான். அவன் அப்பா ஆயுசுக்கும் ஓட்டியது ஒரு டி.வி.எஸ். 50. அவர் பெயரில் கார் எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் அப்பா வண்டி என்றால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இதைச் சிரிக்கிற விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்துநாலு வயதில் முதல்முதலாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறவன், அதில் தன் முகம் தெரியவேண்டும் என்று நினைக்கிறான். கார் செய்கிறவர்கள் இதைப் புரிந்துகொண்ட அளவுக்கு வீட்டுப் பெரியவர்கள் புரிந்துகொண்டதில்லை.

பேரம் முடிவில் இரண்டு வண்டிகளுக்கு வந்து நின்றது. ஒன்று 2017-இல் செய்தது, சிவப்பு, உச்ச மாடல், தொடுதிரையும் அலாய் சக்கரமும் இருந்தன. இன்னொன்று 2020, வெள்ளை, கீழ் மாடல், பாட்டுப்பெட்டிகூடக் கிடையாது. விலை ஏறக்குறைய ஒன்று. சிவப்பில்தான் கண் இருந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கின் நடுவை விரலால் தட்டிப் பார்த்தான். "சும்மா மூடி மாமா" என்றான். உள்ளே ஏர்பேக் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் மூடியோடு முன்பெல்லாம் வண்டிகள் போகும் என்று லைனில் மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை வண்டிக்கே அட்வான்ஸ் கொடுத்தான்.

அந்த மூடியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஹூண்டாய் ஐ10 உலகத்துக்கே முதலில் அறிமுகமானது 2007 அக்டோபர் 31 அன்று, டில்லியில். செய்தது இருங்காட்டுக்கோட்டையில். அங்கிருந்தே ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறியது. 2008-இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை, ஏர்பேக் இல்லாத கீழ் மாடல்களாகப் பார்த்து வாங்கி, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாட்டா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ, ஐ10. ஐந்துக்கும் பூஜ்யம். மதிப்பெண் போடும் முறை இரண்டு அமைப்புக்கும் அச்சாக ஒன்றல்ல என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஒரே ஆலையில் அதே பெயரில் செய்த வண்டி துறைமுகத்துக்குப் போனால் ஒரு மாதிரியும் பூந்தமல்லிக்குப் போனால் ஒரு மாதிரியும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. போலோக்காரர்கள் சோதனை முடிவு வெளியானதும் ஏர்பேக் இல்லாத மாடலை விற்பதை நிறுத்தினார்கள். முடியாத காரியம் ஒன்றும் இல்லை என்று அதிலிருந்தே தெரிந்தது.

2016-இல் க்விட்டின் முறை வந்தது. மே மாதச் சோதனையில் பூஜ்யம். செப்டம்பரில் ஓட்டுநர் ஏர்பேக்கோடு வந்த வண்டிக்கு ஒரு நட்சத்திரம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடிப்பது என்ற தத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மூன்று போல்ட் போதும் என்றால் மூன்றே இருக்கட்டும், அது பொறியியல் சாமர்த்தியம். ஒற்றை வைப்பர் மழையைத் துடைத்தால் போதும். அழகுக்குச் செலவழித்தார்களே என்று நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் செலவை எதிலிருந்து எடுத்தார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. நெஞ்சும் மண்டையும் மோதுகிற இடத்திலிருந்து எடுத்திருக்கக்கூடாது. வாங்கும் இளைஞனுக்கு உயிர்ப்பயம் இல்லை, அவன் தொடுதிரையைத்தான் பார்ப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு தப்பவில்லை என்பது வேறு விஷயம்.

அழகும் காப்பும் ஒரு சின்ன வண்டிக்குள் சேராது என்று சொல்லவும் வழியில்லை. 2021-இல் வந்த டாட்டா பஞ்ச் 4 மீட்டருக்குள் அடங்கும், முகம் ஜீப்பு மாதிரி, பெரியவர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம். 2024-இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான். நாற்பது ஆண்டுகளாக அந்த இடம் மாருதி வண்டிகளுக்கே இருந்தது. ஆனால் வரும்போதே அதன் விலை 5.49 லட்சத்தில் தொடங்கியது. மூன்று லட்சம் வைத்திருக்கும் பையன் அந்த ஷோரூம் படி ஏறமாட்டான். அவன் போவது தாம்பரத்தைத் தாண்டி.

பழைய கடனுக்கான எச்.பி. கேன்சல் ஆகி, ஃபார்ம் 29, 30 எல்லாம் கையெழுத்தாகி வண்டி வீட்டுக்கு வந்தது. பழைய வண்டிதான், ஆனாலும் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், பூசணிக்காய். முதல் ஓட்டம் குலதெய்வக் கோயிலுக்கு. அடுத்த வாரமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் அலாய் சக்கரமும் தொடுதிரையும் போட்டுக்கொண்டான். சிவப்பு வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்ததை இவன் கடையில் போட்டுக்கொண்டான், செலவு குறைவாகத்தான் ஆயிற்று. பின்கண்ணாடியில் என்ன எழுதுவது என்று நண்பர்களோடு போனில் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் எழுதியது குலதெய்வத்தின் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் அம்மா அப்பா பெயர். நம் ஊர்ச் சாலையில் முன்னால் போகும் எந்தச் சின்னக் காரின் பின்கண்ணாடியையும் பாருங்கள். மாதாமாதம் டியூ கட்டுகிறவன் பெயர் அதில் அநேகமாக இருக்காது. அங்காளம்மன் இருப்பாள், கருப்பசாமி இருப்பார், பெற்ற பிள்ளை பெயர் இருக்கும்.

ஓட்டுவது அவன்தான். மற்றபடி அந்த வண்டி அவனுடையது என்று சொல்வது கஷ்டம். அக்காவுக்கு மாதம் ஒருமுறை கண் ஆஸ்பத்திரி, சித்தி மகளுக்குப் பரீட்சை சென்டர், ஊரில் யார் வீட்டுக் காதுகுத்து என்றாலும் அவன் லீவு போடவேண்டும். அத்தான் எப்போதும் இடது பக்கம் முன்னால் உட்காருகிறார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி, பாட்டை அவரே மாற்றுகிறார். வேகம் 80-ஐத் தாண்டினால் வண்டி விட்டுவிட்டுக் கத்தும். 2019 ஜூலைக்குப் பின் செய்த எல்லாக் காரிலும் அந்த எச்சரிக்கை ஒலி கட்டாயம். அது கத்துவதற்கு முன்பே அத்தான் கத்திவிடுகிறார்.

அதே 2019 ஜூலை 1 முதல்தான் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. அந்த ஏப்ரலில் பிரேக்குக்கு ஏபிஎஸ் வந்தது. நல்ல சட்டங்கள். ஆனால் ஏர்பேக் சட்டம் எழுதியவர்கள், ஓட்டுகிறவன் தனியாகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். இடது பக்க முன் இருக்கைக்கு ஏர்பேக் கட்டாயமானது புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலில், ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2022 ஜனவரியில். என் அக்கா மகன் தட்டிப் பார்த்து வாங்கிய 2020 வெள்ளை வண்டியில் அவனுக்கு ஏர்பேக் இருக்கிறது. அவன் அப்பாவுக்கு இல்லை.

பழைய சின்னக் கார் வாங்கப் போகிறவர்கள் முன்கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும் ஆண்டை நம்பவேண்டாம். அது பல சமயம் பதிவு செய்த ஆண்டாக இருக்கும். ஆர்.சி.யை வாங்கி உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும் வரியைப் படியுங்கள். 2022 ஜனவரி அல்லது அதற்குப் பிந்தியது என்றால் முன்னால் இரண்டு பேருக்கும் ஏர்பேக் உண்டு. அதற்கு முந்தியது என்றால், இடது பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நிறத்தைப் பற்றிப் பேசுங்கள்.